விளிம்பு சொல்லும் சேதி

நேயர்களுக்கு வணக்கம்.

ஏற்காட்டில் காப்பிச் செடிக்குக் குழி வெட்டும்போதோ, சேலத்தில் பழைய மனையில் கடைக்கால் தோண்டும்போதோ பழைய சமையல் பாத்திரத்தின் பச்சை படிந்த உலோகத் துண்டு தட்டுப்பட்டால், கை தானாகப் புளியைத் தேடும். வேண்டாம். துண்டு பளபளக்கும், அது ஏறிய அடுப்பின் கரி கழுவுநீரோடு போய்விடும்.

மண்சட்டி உடைந்தால் வீசிவிடுவோம். வெண்கலமும் செம்பும் உடைந்தால் உருக்கத்தான் போகும். இன்றும் பழசை எடைக்குப் போட்டுத்தானே புதுசு வாங்குகிறோம்? அதனால் இடைக்காலச் சமையல் பாத்திரம் முழுசாகக் கிடைப்பது அபூர்வம். இங்கிலாந்து வயல்களில் வார்ப்புப் பானைகளின் தடித்த கால்கள் அடிக்கடி கிடைக்கின்றன. தணல்மேல் நிற்க அவற்றுக்கு மூன்று கால் வேண்டியிருந்தது. நம்மூரில் அடுப்புக்கே மூன்று குமிழ், பாத்திரத்துக்குக் கால் தேவையில்லை. ஆகவே இங்கே விளிம்பைப் பாருங்கள்.

விளிம்புத் துண்டின் முனைக்கு முனை நேராக அளந்தால் 8 செ.மீ., அந்தக் கோட்டிலிருந்து வளைவின் உச்சி 0.5 செ.மீ. என்று வையுங்கள். எட்டெட்டு 64. அதை உச்சியின் எட்டு மடங்கான 4-ஆல் வகுத்தால் 16. உச்சியில் பாதி 0.25-ஐக் கூட்டி இரட்டித்தால் வாயகலம் 32.5 செ.மீ. சொம்பு அல்ல, பந்திக்குப் பொங்கிய பாத்திரம்! உச்சியில் அரை மில்லிமீட்டர் பிசகினாலே விடை ஏறக்குறைய 3 செ.மீ. மாறும். நசுங்கிய துண்டுக்கு இந்தக் கணக்கு செல்லாது.

உட்புறத்தில் சாம்பல் நிறத் திட்டு இருந்தால் ஈயம் பூசியிருக்கலாம். புளிப்பு பட்டுக் களிம்பு ஏறாமலிருக்க வெள்ளீயம் பூசுவார்கள். ஆணி அறைந்த சிறு தகடு, ஓட்டை அடைத்த ஒட்டு. சுத்தியல் தடம் தெரிந்தால் தட்டிச் செய்தது. பொடித் துளைகள் தெரிந்தால் பெரும்பாலும் வார்ப்பு.

வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் கவனம். மண்ணிலிருந்து ஏறிய உப்பு, காற்றின் ஈரம் பட்டதும் உலோகத்தை மறுபடி அரிக்கிறது. ஏற்காட்டு மூடுபனியில் திறந்து வைத்தால் துண்டு மெல்லப் பொடியாகும். உதிரி மண்ணை மட்டும் மெல்லிய தூரிகையால் தட்டி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ஈரப்பதம் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையலுக்கு (இன்றைய விலையில் எதுதான் அதற்குள் அடங்கும்?) மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தகவல் தர வேண்டும். அந்தத் தாளிலேயே எத்தனை அடி ஆழம், பக்கத்தில் பானை ஓடு கிடந்ததா என்றும் குறியுங்கள். உலோகத்தை மட்டும் வைத்துக் காலம் சொல்வது கடினம். அநேகமாக அந்த ஓடுதான் சொல்லும்.