பெயரில்லாத சீட்டு

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். "இணையத்தில் பிள்ளைகளைக் காப்பது அடையாளச் சோதனையா, தளங்களின் பொறுப்பா?" என்ற தலைப்பில், தளங்களின் பொறுப்பே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், "பேர் ஊர் சொல்லாதவனுக்கு என் பிள்ளை இருக்கும் இடத்தில் என்ன வேலை?" என்று கேட்டார், அவை கைதட்டியது. நானும் இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்றவள். அந்தக் கேள்விக்குள் இருக்கும் பயம் எனக்கும் உண்டு. ஆனால் பெயரை மறைப்பவர்களில் பயந்து ஒளிகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதை அவர் மறந்துவிட்டார்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. எங்கள் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்றொரு பெட்டி உண்டு. பிள்ளைகள் தங்கள் குறையைச் சீட்டில் எழுதி அதில் போடலாம். சில ஆண்டுகளுக்கு முன் அதைத் திறந்தபோது, கணக்கு நோட்டிலிருந்து கிழித்து, கட்டைவிரல் நகம் அளவுக்கு மடித்த ஒரு தாள் கிடைத்தது. கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று இடது கையால் எழுதியதுபோல எழுத்துகள் சாய்ந்து கிடந்தன. "வீட்டுக்கு வர்ற மாமா என் போட்டோவை அனுப்பச் சொல்றாங்க. அப்பாகிட்ட சொன்னா என்னைத்தான் அடிப்பாங்க." அதில் இருந்தது அவ்வளவுதான். தலைமையாசிரியரிடம் காட்டினோம், குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குத் தெரிவித்தோம். எழுதியது யார் என்று மட்டும் வகுப்பில் கேட்கவில்லை. மறுவாரம் எல்லா வகுப்புகளிலும் பொதுவாகப் பேசி, சொல்ல வருகிற பிள்ளையை நான் நம்புவேன் என்று சொன்னேன். மூன்றாம் வாரம் வந்த சீட்டில் அந்தப் பெண் தன் பெயரையும் வகுப்பையும் தானே எழுதியிருந்தாள். சீட்டைப் போடுமுன் அப்பாவிடம் கையொப்பம் வாங்கி வா என்று நாங்கள் விதித்திருந்தால், முதல் சீட்டே வந்திருக்காது.

எதிரணியினர் பெரிதும் நம்பும் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, அந்தக் கையொப்பத்தைத்தான் கேட்கிறது. 18 வயது நிரம்பாத ஒருவரின் தரவைக் கையாளுமுன் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைப் பெற வேண்டும் என்பது அதன் 9ஆம் பிரிவு. விலக்குகள் சில உண்டென்றாலும் பொதுவிதி அதுதான். வீட்டுக்கு ஒரே போன், அந்த எண்ணும் அப்பா பெயரில் என்றிருக்கும் குடும்பங்களில், மகள் எந்தக் கதவைத் தட்டினாலும் ஓ.டி.பி. அப்பாவின் சட்டைப் பைக்குத்தான் போகும். இன்னொன்றையும் நடுவர் அவர்கள் கவனிக்க வேண்டும். பெற்றோர் என்று சொல்லிக்கொள்பவர் அடையாளம் காணத்தக்க, வயது வந்த ஒருவர்தானா என்று பார்க்கச் சொல்லும் விதி, அவர் அந்தப் பிள்ளைக்கு உண்மையிலேயே பெற்றோர்தானா என்று பார்க்கச் சொல்லவில்லை. அப்படியானால், ஆதார் வைத்திருக்கும் அந்த மாமாவும் ஒப்புதல் கொடுக்கலாம்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் இதே நாட்டின் போக்சோ சட்டம், 2012, விசாரணையின் எந்தக் கட்டத்திலும் பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளம் வெளிவராமல் பார்த்துக்கொள்ளும் கடமையைச் சிறப்பு நீதிமன்றத்தின் மேல் வைத்திருக்கிறது. பெயரை மறைப்பதும் குழந்தைக்குக் காவல் என்று நம் சட்டமே ஏற்றுக்கொண்ட பிறகு, இணையத்தில் மட்டும் பெயரைச் சொன்னால்தான் காவல் என்பது எப்படிப் பொருந்தும்?

யார் குழந்தை என்று பிரித்தறிய வேண்டுமானால், குழந்தை அல்லாத அத்தனை பேரிடமும் சான்று கேட்டாக வேண்டும். அந்தச் சான்றுகள் எங்கே போய்ச் சேரும்? வயது குறித்த முறையீடுகளுக்காகப் பயனர்கள் அனுப்பிய அரசு அடையாள அட்டைப் படங்களில், சுமார் 70,000 பேருடையவை தன் ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் வழியாகக் கசிந்திருக்கலாம் என்று 2025 அக்டோபரில் டிஸ்கார்ட் என்ற இணைய உரையாடல் தளத்தின் நிறுவனமே அறிவித்தது. கடவுச்சொல் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம்; பிறந்த தேதியையும் முகத்தையும் எங்கே போய் மாற்றுவது? சோதனையாவது பலித்ததா என்றால், பிரிட்டனில் 2025 ஜூலை 25 அன்று ஆபாசத் தளங்களுக்கும் வேறு சில தளங்களுக்கும் வயதுச் சோதனை கட்டாயமான சில நாட்களிலேயே, அதைத் தாண்டிச் செல்ல உதவும் வி.பி.என். செயலிகள் அங்கே பதிவிறக்கப் பட்டியலின் உச்சிக்கு ஏறிவிட்டன.

"அப்படியானால் போலிப் பெயரில் வரும் கயவனை விட்டுவிடலாமா?" என்று எதிரணியினர் கேட்பார்கள், நியாயமான கேள்வி. ஊருக்குப் பெயர் தெரியாமல் இருப்பது வேறு, சட்டத்தின் கைக்கு எட்டாமல் இருப்பது வேறு. நம் நாட்டில் சிம் கார்டே அடையாளச் சான்று கொடுத்துத்தான் வாங்க வேண்டும். குற்றம் நடந்தால், முறைப்படி கேட்டுப் பெறும் விவரங்களைக் கொண்டு காவல்துறை புலனாய்வு செய்ய வழி இருக்கிறது. அதைவிட முக்கியம், அவன் செய்தி பிள்ளையிடம் போய்ச் சேராமல் தடுப்பது. அதைச் செய்யக்கூடியவர்கள் தளத்தை நடத்துபவர்கள்தான். தளங்களைப் பிள்ளைகளுக்கு ஏற்றவாறு வடிவமைக்கச் சொல்லும் பிரிட்டனின் நெறிமுறை 2021 செப்டம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில், தங்களைப் பின்தொடராத பதின்வயதினருக்குப் பெரியவர்கள் செய்தி அனுப்புவதை இன்ஸ்டாகிராம் தடுத்தது, யூடியூப் 18 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தானாக அடுத்த காணொளி ஓடும் வசதியை முதலிலேயே அணைத்து வைத்தது. வயதைக் கூட்டிச் சொல்லும் பிள்ளைக்கு இது உதவாதே என்பீர்கள், ஆம், உதவாது. அதனால்தான் அறிமுகமில்லாதவரின் செய்தியை எல்லாக் கணக்குகளிலும் முதலிலேயே மூடி வைக்கவும், வேண்டுபவர் திறந்துகொள்ளவும் சட்டம் சொல்ல வேண்டும் என்கிறேன்.

நம் 9ஆம் பிரிவிலேயே நல்ல பகுதியும் இருக்கிறது. பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும், குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் அதன் மூன்றாம் உட்பிரிவு தடை செய்கிறது. பிள்ளைகள் தொடர்பான கடமையை மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள், இந்தக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தந்திருக்கின்றன. அந்த அவகாசத்துக்குள், அபராதத்தின் முழுப் பாரத்தையும் மூன்றாம் உட்பிரிவின் பக்கம் வைக்கச் சொல்லியும், ஒப்புதல் விதியைத் திருத்தி, அப்பாவின் போனுக்கு ஓ.டி.பி. போகாமல் ஒரு பெண் பிள்ளை வாய் திறக்க ஓர் இடத்தை விட்டுவைக்கச் சொல்லியும், நடுவர் அவர்கள் தீர்ப்பில் எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.