சுண்டு விரலைக் கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வானொலியில் படம் காட்ட முடியாது. அதனால் உங்கள் கையையே படமாக வைத்துக்கொள்வோம். இடது கையை முன்னால் நீட்டுங்கள். முழங்கைக்கு நாலு விரற்கடை கீழே, வலது கையால் சற்று அழுத்திப் பிடியுங்கள். இப்போது இடது கை விரல்களை மட்டும் மடக்கி மடக்கி விரியுங்கள். பிடித்த இடத்தில், தோலுக்குள்ளே ஏதோ புரண்டு நெளிகிறது, தெரிகிறதா? அசைவது விரல். அசைக்கிறது முன்கை.

விரலுக்குள் அதை மடக்குகிற தசை என்று ஒன்றுகூடக் கிடையாது. எலும்பு, மூட்டு, நாண், நரம்பு, ரத்தக்குழாய், தோல், அவ்வளவுதான். உள்ளங்கையில் சின்னச் சின்னத் தசைகள் உண்டு. நுணுக்கமான வேலைகளுக்கு அவை வேண்டும். ஆனால் குடம் தூக்குவது, மண்வெட்டி பிடிப்பது போன்ற பலமான வேலையெல்லாம் முன்கைத் தசைகளுடையது. அவற்றின் முனைகள் நாண்களாக மெலிந்து, மணிக்கட்டைக் கடந்து, விரல் நுனி வரை போய் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

காவிரிப் பாசனத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கடைமடை வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் யாரும் அந்த வயலைக் கொத்திக்கொண்டு நிற்பதில்லை. மேலே எந்த மதகு அடைத்திருக்கிறது என்று பார்க்கப் போவார்கள். விரலும் கடைமடைதான். ஆனால் கை என்று வந்தால் மட்டும், வலிக்கிற இடத்திலேயே தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்துவிடுகிறோம்.

“நடுராத்திரியில கை மதமதன்னு ஆயிடுது டாக்டர். எழுந்து நாலு உதறு உதறினாத்தான் சரியாகுது.” என்னைப் போன்ற எலும்பு மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் வாசகம் இது. நாற்பதைத் தாண்டிய பெண்கள்தான் அதிகம் சொல்வார்கள். நாற்று நடுகிறவர்கள், பூக் கட்டுகிறவர்கள், வீட்டில் மாவு பிசைகிறவர்கள். வாயு பிடித்திருக்கிறது, ரத்த ஓட்டம் இல்லை, நரம்புத் தளர்ச்சி என்று ஏதாவது ஒரு முடிவோடுதான் வருவார்கள். நான் ஒன்றைத்தான் முதலில் கேட்பேன்: சுண்டு விரலும் மரக்கிறதா?

பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. கவனித்திருக்க மாட்டார்கள். இன்று இரவு மரத்தால் கவனியுங்கள்.

காரணம் இதுதான். மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் இரண்டு வரிசையாகச் சேர்ந்து ஒரு குழிவான தளத்தை அமைத்திருக்கின்றன. அதன் மேலே கெட்டியான ஒரு நார்ப்பட்டை குறுக்கே போகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள குறுகலான வழியில் 9 நாண்கள் போகின்றன. நாலு விரலுக்கும் இரண்டிரண்டு, கட்டைவிரலுக்கு ஒன்று. அவற்றோடு மீடியன் என்கிற நரம்பும் அதே வழியில்தான் போயாக வேண்டும். நாண்களின் உறை கொஞ்சம் வீங்கினாலும் எலும்பும் விலகாது, பட்டையும் விலகாது, நசுங்குவது நரம்பு. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவற்றின் உணர்வு இந்த நரம்பைச் சேர்ந்தது. சுண்டு விரலின் நரம்பு வேறு. அது இந்த வழியில் வருவதே இல்லை. ஆகவே மற்ற விரல்கள் மரத்து சுண்டு விரல் மட்டும் தப்பித்தால், சிக்கல் பெரும்பாலும் மணிக்கட்டில். கார்ப்பல் டனல் சிண்ட்ரோம் என்று சீட்டில் எழுதித் தருவார்கள். தூக்கத்தில் மணிக்கட்டை நம்மை அறியாமல் மடக்கிக்கொள்கிறோம், உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அதனால்தான் ராத்திரித் தொந்தரவு.

இது வந்தால் சர்க்கரையையும் தைராய்டையும் முதலில் பரிசோதியுங்கள். இரண்டுமே இதற்குக் காரணமாகலாம். கர்ப்பிணிகளுக்கு வந்தால் பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு தானே அடங்கிவிடும். மற்றவர்கள், மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டையை இரவில் சில வாரங்கள் கட்டிக்கொண்டு தூங்கிப் பார்க்கலாம். ஆரம்ப நிலையில் பலருக்கு அதுவே போதும். மருந்துக்கடையில் சொல்லிப் போட்டுக்கொள்கிற ‘நரம்பு ஊசி’ பற்றி எனக்குக் கடுமையான அபிப்பிராயம் உண்டு. பி12 சத்து குறைந்தவர்களுக்கு அந்த ஊசி வேண்டியதுதான். ஆனால் நெருக்கிப்போன வழியை எந்தச் சத்தும் அகலமாக்காது. ஊசி போட்டுக்கொண்டே ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டு வரும்போது, கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் சதைமேடு வற்றித் தட்டையாகியிருக்கும். ரவிக்கைக் கொக்கி மாட்ட வராது, சில்லறை நழுவும். அந்த நிலையில் அறுவை சிகிச்சை செய்தாலும் போன சதை முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. முன்கூட்டியே வந்தால், கையை மட்டும் மரக்கவைத்து நார்ப்பட்டையைப் பிரித்துவிடுவோம், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.

ஒரு எச்சரிக்கை. திடீரென்று ஒரு பக்கக் கை மரத்து, வாயும் கோணி, பேச்சும் குழறினால் அது மணிக்கட்டுச் சமாசாரம் இல்லை. பக்கவாதம். உடனே 108க்குக் கூப்பிடுங்கள்.

சரி, சுண்டு விரல்தான் மரக்கிறது என்றால்? முழங்கைக்குப் போங்கள். முழங்கையின் உட்பக்கம் எதிலாவது இடித்துக்கொண்டால் சுரீரென்று ஷாக் அடிக்குமே, அது அல்னர் நரம்பு. எலும்புக்குப் பின்னால் வெறும் தோலுக்கடியில் கிடக்கிறது, பாவம். மணிக்கணக்கில் கையை மடக்கி போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தால் அது இழுபடும். திண்ணையில் முழங்கையை ஊன்றிக்கொண்டே பேசினால் நசுங்கும். அதோடு தோலில் உணர்வற்ற, நிறம் வெளுத்த படை எதுவும் இருந்தால் காலம் தாழ்த்தாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். தொழுநோய் இந்த நரம்பைத்தான் விரும்பித் தாக்கும். கூட்டு மருந்து அங்கே இலவசம். 1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற மருத்துவர் வேலூரில் செய்த வேலை உலகப் புகழ் பெற்றது. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு, இன்னும் வேலை செய்கிற வேறொரு நாணை இடம் மாற்றித் தைத்து அவர் அசைவு கொடுத்தார்.

முழங்கையின் வெளிப்பக்க வலி வேறு கதை. இன்னொரு சோதனை செய்யுங்கள். மணிக்கட்டை உள்பக்கமாக நன்றாக மடக்கிக்கொண்டு, விரல்களை இறுக்கி முஷ்டி பிடியுங்கள். பிடி வராது. மணிக்கட்டைச் சற்று மேலே நிமிர்த்திப் பிடியுங்கள், வரும். அதாவது எதை இறுகப் பிடித்தாலும், மணிக்கட்டை நிமிர்த்தி வைக்க முன்கையின் வெளிப்புறத் தசைகள் கூடவே உழைக்கின்றன. அவை தொடங்குகிற இடம் முழங்கையின் வெளிப்பக்க முண்டு. சுவாமிமலையில் உளி பிடிப்பவருக்கும், நாச்சியார்கோயில் விளக்குப் பட்டறையில் அரம் போடுபவருக்கும், வீட்டில் ஈரத்துணி பிழிபவருக்கும் அங்கே வலிப்பது இதனால்தான். இதைத்தான் டென்னிஸ் எல்போ என்கிறோம்.

பெரும்பாலோருக்கு இது ஓராண்டுக்குள் தானாகவே அடங்கும். அதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை, ஊசிதான் கேட்கிறார்கள். ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரம் சொர்க்கம். ஆனால் ஓராண்டு கழித்துப் பார்த்தால், போடாதவர்களைவிடப் போட்டவர்கள் மோசமாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நான் சொல்வது பயிற்சிதான். முன்கையை மேஜையில் வைத்து, மணிக்கட்டு விளிம்பைத் தாண்டி இருக்கட்டும். உள்ளங்கை கீழே பார்க்க அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடியுங்கள். மற்றக் கையால் அதை உயர்த்திவிட்டு, வலிக்கிற கையால் மெதுவாக இறக்குங்கள். பையோ வாளியோ தூக்கும்போது உள்ளங்கை மேல்நோக்கி, உடம்போடு ஒட்டித் தூக்குங்கள்.

இதே ஸ்டீராய்டு ஊசி வேறொரு நோய்க்கு அருமையாக வேலை செய்யும். காலையில் எழுந்தால் விரல் மடங்கியபடியே மாட்டிக்கொள்ளும். இன்னொரு கையால் இழுத்தால் டக்கென்று விடுபடும். டிரிக்கர் ஃபிங்கர். விரல் அடியில் நாண் நுழைகிற வளையம் தடித்துப்போவதால் வருவது, சர்க்கரைக்காரர்களுக்கு அதிகம். கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கிக் கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் வலி வாங்கிக்கொள்கிற தாய்மார்களும் உண்டு. அங்கேயும் கோளாறு நாண் உறையில்தான்.

இனி குழந்தைகள். இதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும்.

கொய்யா மரத்திலிருந்து விழுந்து முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது ஐந்து முதல் ஏழு வயதில் சகஜம். முறிந்த முனைக்கு நேர் முன்னால்தான் கைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் ஓடுகிறது. அந்தக் கையை மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளைக்கரு தடவிய துணியால் இறுக்கிக் கட்டினால், உள்ளே வீங்குகிற கைக்கு இடமில்லை. ரத்தம் நின்று ஆறு மணி நேரம் போனால் முன்கைத் தசை சாகத் தொடங்கும். செத்த தசை சுருங்கி, விரல்கள் நிரந்தரமாக மடங்கிவிடும். ஜெர்மன் மருத்துவர் ஃபோக்மான் இதை 1881லேயே எழுதிவைத்தார். காரணம் இறுக்கமான கட்டு என்றும் சொன்னார்.

கட்டு எங்கே போட்டிருந்தாலும், யார் போட்டிருந்தாலும், மாவுக்கட்டாகவே இருந்தாலும், விரல்களைப் பாருங்கள். வலி குறையாமல் ஏறிக்கொண்டே போகிறதா? மடங்கிய விரலை நீங்கள் மெல்ல நிமிர்த்தினால் பிள்ளை அலறுகிறதா? நுனி வெளுத்துச் சில்லிட்டிருக்கிறதா? கட்டை உடனே பிரிக்க வேண்டும். போட்டவர் வரட்டும், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரியானாலும் மருத்துவமனைக்கு ஓடுங்கள். எலும்பு கூடிய பிறகு முழங்கை விறைப்பாக இருக்கிறதென்று எண்ணெய் போட்டு உருவிவிடவும் கூடாது. உருவ உருவத் தசைக்குள் புது எலும்பு வளர்ந்து, மூட்டு இன்னும் பூட்டிக்கொள்ளலாம். பிள்ளை தானாக விளையாடி அசைக்கட்டும்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. பாசி பிடித்த படித்துறையில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தால், முதலில் மோதிரத்தையும் வளையலையும் கழற்றுங்கள். வீங்கின பிறகு கழற்ற வெட்டுகிற கருவிதான் வேண்டும். பைக்கிலிருந்து விழுந்த இளைஞர்களுக்குக் கட்டைவிரல் அடியில், மணிக்கட்டுக் குழியில் அழுத்தினால் வலிக்கிறதென்றால், முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமல்கூட இருக்கலாம். ஸ்கேஃபாய்டு என்கிற அந்தச் சின்ன எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. விட்டுவிட்டால் கூடாமலே போகும். பட்டை போட்டுக்கொண்டு, பத்துப் பதினாலு நாள் கழித்து இன்னொரு படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

வணக்கம்.