மங்கு துடைத்த கை

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்திருக்கிறேன். மலாயில் சிப்புட் என்றால் நத்தை. நத்தை ஆறு என்று பெயர் வைத்த ஊரில் கீரை போட்டால் யார் சாப்பிடுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். நாலு வருடம் போட்டேன், நாலு வருடமும் அதுதான் சாப்பிட்டது. அப்புறம்தான் மண்ணை விட்டுத் தண்ணீருக்கு வந்தேன். தாமான், அதாவது குடியிருப்புப் பகுதி, வீட்டில் கார் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்துச் சந்தில் இப்போது ஆறு பெட்டி வைத்திருக்கிறேன். கங்கோங் கீரை, சாவி என்கிற கடுகுக்கீரை, மனைவிக்காகக் கொஞ்சம் வல்லாரை.

மண்ணில்லாமல் உரத்தண்ணீரில் செடி வளர்க்கிற இந்த ஹைட்ரோபோனிக் செய்வது எப்படி, ஏ உரத்தையும் பி உரத்தையும் எப்படிக் கலப்பது என்று சொல்லித்தர ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். கீரையை அறுத்துச் சமைத்தாகிவிட்டது. அந்த ஓட்டைக் கப்புக்குள் உருண்டையும் வேருமாகப் பின்னிக்கொண்டு ஒன்று கிடக்கிறதே, அதை என்ன செய்வது? அதை யாரும் சொல்வதில்லை. தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, கடைக்குப் போய் இன்னொரு பை வாங்கிவருகிறோம். எனக்கு வயிறு எரியும்.

பழுப்பு நிறத்தில் கோலிக்குண்டு அளவில் இருக்குமே, மண்ணுக்குப் பதிலாகச் செடியைத் தாங்குகிற களிமண் உருண்டை, அதைத்தான் முதலில் சொல்கிறேன். சுழல்கிற சூளையில் ஏறக்குறைய 1,200 டிகிரி சூட்டில் சுட்டு எடுப்பது. உள்ளே வாயு கிளம்பிப் பொரி மாதிரி உப்பிவிடும். ஒன்றை உடைத்துப் பாருங்கள், உள்ளே சின்னச் சின்னப் பொந்தாக இருக்கும். நெருப்பில் பிறந்த பொருள், மக்காது, கரையாது. ஒழுங்காகக் கழுவினால் வருடக் கணக்கில் உழைக்கும். ஒழுங்காகக் கழுவினால். நான் முதல் தடவை கழுவிய இலட்சணத்தைச் சொல்கிறேன்.

முதல் அறுவடை முடிந்ததும் எல்லா உருண்டையையும் ஒரு வாளியில் கொட்டி, பிளீச் ஊற்றி, மூடி வைத்தேன். மறுநாள் ஒரு அலசு அலசிவிட்டு அதிலேயே சாவி நாற்றை வைத்தேன். பத்து நாள் ஜோராக வளர்ந்தது. பதினோராவது நாள் மத்தியானம் பார்த்தால் இலையெல்லாம் தொங்குகிறது. பெட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது, செடி தாகத்தில் நிற்கிறது. ஒன்றைப் பிடுங்கினேன். வெள்ளையாக இருக்கவேண்டிய வேர் தேயிலைச் சக்கை நிறத்தில் இருந்தது. விரலால் இழுத்தால் மேல்தோல் வழுக்கிக்கொண்டு கையோடு வருகிறது, உள்ளே நூல் மாதிரி நரம்பு மட்டும் நிற்கிறது. வேரழுகல். இந்த அடையாளத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், தோல் கழன்று நூல் மிஞ்சும். பித்தியம் என்கிற கிருமியின் வேலை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அதன் வித்து தண்ணீரில் நீந்தக்கூடியது. நம் ஊர் வெயிலில் பெட்டித் தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கிற ஆக்சிஜன் குறையும், வேர் சோர்ந்துபோகும், அதற்குக் கொண்டாட்டம்.

பிளீச் ஊற்றினேனே, பிறகு எப்படி வந்தது என்று மனைவியிடம் புலம்பினேன். அவர் வாளியை எட்டிப் பார்த்தார். உருண்டைகளுக்கு நடுவே பழைய வேர் கொத்துக் கொத்தாக அப்படியே கிடந்தது. "ஏங்க, மூஞ்சியக் கழுவாமப் பவுடர் போட்டா எப்படிங்க?" என்றார்.

எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினவர், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். பள்ளி விடுமுறையில் நானும் நிரைக்கு, அதாவது அம்மாவின் மர வரிசைக்கு, போவேன், மங்கு துடைக்க. இன்றைக்கு எங்கே பார்த்தாலும் செம்பனை, அதனால் இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: மரத்தில் கம்பியில் மாட்டி, ஒழுகுகிற பாலைப் பிடிக்கிற கிண்ணம்தான் மங்கு. ரப்பர் நமக்கு எவ்வளவு பழைய சொந்தம் தெரியுமா? எங்கள் பக்கத்து ஊரான கோலகங்சாரில் 1877இல் நட்ட ஒன்பது மரத்தில் ஒன்று இன்னும் நிற்கிறது. போனால் பார்த்துவிட்டு வாருங்கள். சரி, மங்குக்கு வருகிறேன். முதல் நாள் பாலை எடுத்த பிறகும் மரம் சொட்டிக்கொண்டே இருக்கும். அது மங்கின் அடியில் கட்டியாக உறைந்திருக்கும். காலையில் அம்மா கத்தியை எடுக்குமுன் அந்தக் கட்டியை விரலால் நெம்பி எடுப்பார், பொச்சென்று ஒரு சத்தம் வரும். அதைப் பையில் போடுவார், அதற்கும் காசு உண்டு. மரத்தில் வெட்டின கோட்டில் காய்ந்திருக்கிற பாலையும் நூல் மாதிரி உரித்துப் பையில் போடுவார். பிறகு மங்கின் உள்பக்கத்தைச் சுற்றித் துடைப்பார். அதற்கப்புறம்தான் வெட்டு.

நான் அவசரக்காரன். கட்டியை எடுத்துவிட்டு, துடைக்காமல் அடுத்த மரத்துக்கு ஓடுவேன். அம்மா பின்னாலேயே வந்து, நான் வைத்த மங்கைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு, அந்த விரலை என் மூக்குக்கு நேரே நீட்டுவார். திட்டமாட்டார். அந்த நாற்றமே போதும். அழுக்கு மங்கில் கிருமி இருக்கும், அது பாலைப் புளிக்க வைக்கும், தொழிற்சாலை போய்ச் சேருமுன் பால் கட்டிவிடும். உறைந்த பாலுக்குக் குறைந்த விலை. இந்தக் காரணமெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அம்மாவுக்குப் படிக்காமலே தெரிந்திருந்தது.

உருண்டைக்கும் அதே வரிசைதான். முதலில் கட்டியை எடு, பிறகு துடை, மருந்து எல்லாம் அப்புறம். பிளீச்சுக்கு ஒரு குணம் உண்டு. வேர், பாசி, வழுவழுப்பு என்று எந்த அழுக்கைப் பார்த்தாலும் அதனுடன் சண்டை போட்டே தன் பலத்தை இழந்துவிடும். கிருமியிடம் போய்ச் சேரும்போது அதில் சரக்கு இருக்காது. என் வாளியில் நடந்தது அதுதான்.

ஆகவே அறுவடை முடிந்த அன்றைக்கே உருண்டைகளைத் தட்டில் கொட்டுங்கள். வேரை ஈரமாக இருக்கும்போதே பிய்த்து எடுங்கள். காய்ந்தால் உருண்டையோடு ஒட்டிக்கொள்ளும். காயவைத்தால் கிருமி செத்துவிடும் என்று நினைக்காதீர்கள், பித்தியத்துக்குத் தடித்த ஓடு போட்ட வித்தும் உண்டு, காய்ந்த வேருக்குள் அது காத்திருக்கும். நான் வேர் பொறுக்குவதை மாலையில் வானொலி கேட்டுக்கொண்டே செய்வேன். உங்கள் முன்னால் வந்ததற்காகச் சொல்லவில்லை, உண்மை.

பிறகு கடையில் வாங்குகிற பிளாஸ்டிக் கூடையில் போட்டு, குழாயடியில் அரிசி களைகிற மாதிரி களையுங்கள். தண்ணீர் கலங்காமல் வரும்வரை. அதற்குப் பிறகுதான் பிளீச். வீட்டுப் பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு, அரை மணி நேரம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே பயன்படுத்துங்கள், நாளான பிளீச்சுக்கு வீரியம் குறையும். அரை மணிக்குப் பிறகு நன்றாக அலசி, ஒரு நாள் முழுக்க வெறும் தண்ணீரில் ஊறவிடுங்கள், இரண்டு மூன்று தடவை தண்ணீரை மாற்றுங்கள். உள்ளே பொந்து இருக்கிறது என்றேனே, அங்கே போன பிளீச் மெதுவாகத்தான் வெளியே வரும். பொந்துக்குள் உர உப்பும் இருக்கும், அதுவும் இந்த ஊறலில் இறங்கிவிடும். கரைசலின் உப்பை அளக்கிற ஈசி மீட்டர் உங்களிடம் இருந்தால் ஊறிய தண்ணீரில் விட்டுப் பாருங்கள். குழாய்த் தண்ணீர் காட்டுகிற எண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் போதும். பிறகு வெயில். எங்கள் வீட்டில் கூரை போடுகிற பழைய ஜிங் தகடுதான் காயப்போடும் பாய்.

பிளீச் வேண்டாம் என்பவர்கள் பழைய பானையில் பத்து நிமிடம் கொதிக்கவிடலாம். அதற்கும் முதலில் வேர் எடுக்கவேண்டும், மறக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. உருண்டை மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் சிலர் வினிகர் ஊற்றுவார்கள். ஊற்றலாம், ஆனால் பிளீச்சும் வினிகரும் ஒரே வாளியில் சேரவே கூடாது, குளோரின் வாயு வரும். அமோனியாவும் அப்படித்தான். தோட்டத்தில் பால் கட்டாமல் இருக்க அமோனியா ஊற்றுவார்கள், அந்த நெடி அறிந்தவர்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அது பிளீச்சோடு சேர்ந்தால் கிளம்புகிற வாயு நெஞ்சைப் பிடிக்கும். சில கண்ணாடித் துடைப்பான்களிலும் அமோனியா இருக்கிறது. ஒன்றை ஊற்றினால் மற்றதை அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

இன்னொன்று கொசு. ஊறவைத்த வாளியை மூடாமல் மறந்துவிட்டால் ஏடிஸ் வந்து முட்டை வைக்கும். ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் தீர்ந்தது என்றும் இல்லை. முட்டை வாளியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்து மாதக் கணக்கில் கிடக்கும், மறுபடி தண்ணீர் பட்டால் பொரியும். அதனால் வாளியின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். மறுபடியும் மங்குதான். கட்டியை எடுத்தால் போதாது, துடைக்கவேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தயாரிப்பாளர் இரண்டு விரல் காட்டுகிறார். உருண்டைக்குப் பதிலாகச் சிலர் போடுகிற தேங்காய் நார்த்தூளுக்கு அரை மணி நேரம் பேசலாம் என்று வந்தேன், போச்சு. சுருக்கமாகச் சொல்கிறேன். நோய் வராத பயிருக்குப் பயன்பட்ட நார்த்தூள் என்றால் பெரிய வேரை எடுத்துவிட்டு, நிறையத் தண்ணீர் விட்டு உப்பை இறக்கி, இரண்டு மூன்று தடவை பயன்படுத்தலாம். நாளாக நாளாகத் தூளாகி அடைத்துக்கொள்ளும், அப்போது கறிவேப்பிலைத் தொட்டிக்குக் கொடுத்துவிடுங்கள். உமிக்கரிக்கும் அதே இடம்தான். பிளீச் இரண்டுக்கும் வேண்டாம். நாற்று போடுகிற ஸ்பாஞ்சில் வேர் ஊடுருவிவிடும், எடுக்க வராது, அதற்காக மெனக்கெடாதீர்கள். ராக்வூல் என்கிற கல் பஞ்சு ஒரு தடவைக்குத்தான், அது மக்கவும் மக்காது, கண்ட இடத்தில் புதைக்காதீர்கள். பெர்லைட் என்கிற வெள்ளைப் பொரிக்கல் வைத்திருப்பவர்கள் பையைத் திறந்ததும் முதலில் தண்ணீர் தெளியுங்கள், அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது.

விரல் ஒன்றாகிவிட்டது. நத்தைக்கு என்ன செய்தேன் என்று அடுத்த முறை கூப்பிட்டால் சொல்கிறேன். நன்றி, வணக்கம்.