சர்வரோக நிவாரணியும் சஞ்சீவியும் ஒன்றா?

அடுத்த கேள்வி மொழிபெயர்ப்புப் பயிலும் ஒரு மாணவியிடமிருந்து வந்திருக்கிறது. "நான் மொழிபெயர்க்கும் கட்டுரையில் 'பனேசியா' என்ற சொல் வருகிறது. தேடிப் பார்த்தால் சர்வரோக நிவாரணி, சஞ்சீவி, காயகல்பம், அமிர்தம் என்று பல சொற்கள் கிடைக்கின்றன. எல்லாம் ஒன்றுதானா? எதை எழுதுவது?" என்று கேட்டிருக்கிறார்.

ஒன்றல்ல, அம்மா. இவற்றை ஒன்றாக்கிக் குழப்புவதால் ஆதாயம் அடைகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பனேசியா கிரேக்கத்திலிருந்து வந்தது. மருத்துவக் கடவுளான அஸ்க்லிப்பியஸின் மகள் பெயர் அது. எல்லாவற்றையும் குணப்படுத்துகிறவள் என்று பொருள். அதற்கு நேர் சொல் சர்வரோக நிவாரணிதான். மற்றவை வேறு வேலை செய்கிறவை.

சஞ்சீவியைப் பாருங்கள். இந்திரசித்தின் பிரம்மாத்திரத்தில் இலக்குவனும் வானரப் படையும் சாய்ந்து கிடக்கும்போது, மருந்து மலைக்கு வழி சொல்லி அனுமனை அனுப்புகிறான் சாம்பவன். கம்பர் அந்த இடத்தில் நான்கு மருந்துகளைச் சொல்கிறார். மாண்டவரை எழுப்புவது ஒன்று. பிளந்துபோன உடலைப் பொருத்துவது ஒன்று. உள்ளே தைத்த ஆயுதத்தை வெளியே கொண்டுவருவது ஒன்று. சிதைந்த உருவத்தைப் பழையபடி ஆக்குவது ஒன்று. வான்மீகத்திலும் நான்குதான், மிருத சஞ்சீவனி, விசல்யகரணி, சாவர்ணகரணி, சந்தானி என்று தனித்தனிப் பெயரே இருக்கிறது. அத்தனை பெரிய அற்புதத்தைச் சொல்லும் கதையில்கூட, உயிர் கொடுக்கும் மூலிகை காயத்தை ஆற்றும் என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பு. எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். நோயைப் பிரித்துப் பார்த்த ஒரு மருத்துவ மனம் அதில் தெரிகிறது.

காயகல்பம் நரை, திரை, மூப்பை அண்டவிடாமல் உடலை உறுதியாக்குவது. காய்ச்சலுக்குக் காயகல்பம் என்று சித்தர் மரபில் யாரும் சொல்லமாட்டார்கள். அமிர்தம் சாவைத் தடுப்பது. வள்ளுவர் இதைத்தான் 'சாவா மருந்து' என்கிறார்; அதுவே கையில் இருந்தாலும் விருந்தாளியை வெளியே நிறுத்திவிட்டுத் தனியாக உண்ணக் கூடாது என்பது அவர் பேச்சு. அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியும் நீண்ட ஆயுளுக்கானதுதான்.

இவற்றோடு 'அருமருந்து' என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிடைத்தற்கரிய மருந்து என்பதே பொருள். 'அருமருந்தன்ன பிள்ளை' என்பதுதான் வழக்கில் தேய்ந்து 'அருமந்த பிள்ளை' ஆனது. மருந்து இங்கே அன்பைச் சொல்லும் சொல்லாகவே மாறிவிட்டது.

இப்போது சர்வரோக நிவாரணிக்கு வருவோம். பேருந்து நிலையத்துக்கு வெளியே விற்கும் சூரண டப்பாவைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். மூட்டுவலி, மூலம், சர்க்கரை, ஆஸ்துமா, தூக்கமின்மை, முடி உதிர்தல், குழந்தையின்மை என்று பொடி எழுத்தில் வரிசையாகப் போகும். கீழே 'பக்க விளைவு அற்றது' என்று ஒரு வரி. இது நம் மரபு என்று சொல்லித்தான் விற்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். சித்த மருத்துவத்தில் அனுபானம் என்று ஒன்று உண்டு, மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் துணைப்பொருள். ஒரே பற்பத்தை, அதாவது நீறாக்கிய மருந்துப் பொடியை, தேனில் குழைப்பதா, நெய்யில் கொடுப்பதா, வெந்நீரிலா, பாலிலா என்பதை நோயைப் பார்த்து, ஆளைப் பார்த்து வைத்தியர் முடிவு செய்வார். அதற்கேற்பப் பத்தியமும் மாறும். 'நோய்நாடி நோய்முதல் நாடி' என்று தொடங்கும் குறள் சொல்வதும் இந்த வரிசையைத்தான். ஆளையே பார்க்காமல் ஆயிரம் பேருக்கு ஒரே டப்பா கொடுப்பது எந்த மரபு?

சட்டமும் இதைப் பார்த்திருக்கிறது. மருந்து, மாயத் தீர்வுகள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்க 1954இலேயே நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதன் பட்டியலில் 54 நோய்களும் குறைபாடுகளும் இருந்தன. சர்க்கரை நோயும் புற்றுநோயும் அதில் உண்டு. இவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே குற்றம். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர் அந்த டப்பாவை நம்பி ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம். வீட்டில் யாராவது அப்படி நிறுத்தியிருந்தால் இன்றே மருத்துவரிடம் அழைத்துப்போங்கள்.

மொழிபெயர்ப்புக்கு வருகிறேன். நாளிதழ்களில் இந்தச் சொல் பெரும்பாலும் 'அல்ல' என்பதோடுதான் வரும். 'வட்டிக் குறைப்பு பொருளாதாரத்துக்குச் சர்வரோக நிவாரணி அல்ல' என்கிற மாதிரி. உங்கள் வாக்கியம் அப்படி மறுப்பாக இருந்தால் இதையே தயங்காமல் எழுதுங்கள். வடசொல் வேண்டாம் என்று தோன்றினால் 'எல்லா நோய்க்கும் ஒரே மருந்து' என்று எழுதலாம். யாருக்கும் உடனே புரியும். 'மந்திரக்கோல்' வேண்டாம். அது ஒரே நொடியில் மாற்றுவதைச் சொல்கிறது. நீங்கள் சொல்ல வேண்டியது வேகத்தை அல்ல, எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும் என்கிற எண்ணத்தை. மூழ்கிக்கொண்டிருந்த ஒரு தொழிலைக் கடன் உதவி மீட்டது என்று கட்டுரையில் எங்காவது வந்தால், அங்கே மட்டும் 'சஞ்சீவி' போடுங்கள்.