செட் மாத்திரையில் நாலாவது மாத்திரை

பண்பலை நேயர்களுக்கு வணக்கம்.

அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்த நாட்களில் நடந்தது. பென்னாகரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, அறுபது வயதிருக்கும், சந்தைக்கு வந்த கையோடு எங்கள் கவுன்ட்டருக்கு வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார். "இதே மாதிரி செட்டு குடு கண்ணு. முட்டி வலிக்கு இது ஒண்ணுதான் கேக்குது."

பிரித்துப் பார்த்தேன். அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்த நாலு உருப்படி, எதற்கும் பெயர் கிடையாது. பெரிய வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, வயிற்றெரிச்சலுக்கு ஒரு காப்ஸ்யூல். நாலாவது, துவரம்பருப்பு அளவில் குட்டியாக ஒன்று. பெரிய வெள்ளைதான் வலியைக் கேட்கிறது என்று அந்த அம்மா நம்பிக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தேகம் வந்தது அவர் முகத்தைப் பார்த்துத்தான். கன்னம் இரண்டும் உப்பி, கழுத்துக்குப் பின்னால் சதை திரண்டு, முன்கையில் அங்கங்கே ரத்தம் கட்டிய நீலத் திட்டு. எட்டு மாதமாகப் போடுகிறாராம். "போட்டா நல்லா பசிக்குது, தெம்பா இருக்குது" என்றார்.

அந்தக் குட்டி மாத்திரை பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோனாக இருக்கும். ஸ்டீராய்டு. நம் சிறுநீரகத்தின் தலையில் குல்லா போட்டதுபோல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி தினமும் சுரக்கும் கார்ட்டிசாலின் உறவுக்கார மருந்து. ஆனால் அதைவிட ஏறக்குறைய 25 மடங்கு வீரியம்.

இதைத் திட்டுவதற்காக நான் இங்கே வரவில்லை. 1948இல் அமெரிக்காவில் ஹென்ச் என்ற மருத்துவர், மூட்டுகள் வீங்கி முடங்கும் முடக்குவாதத்தில் படுத்துக்கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடமாடினார். 1950இல் ஹென்ச்சுக்கும், அந்த வேதிப்பொருளைப் பிரித்தெடுத்த கெண்டல், ரைக்ஸ்டைன் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மூச்சு முட்டும் ஆஸ்துமாக்காரரை இன்றைக்கும் பிழைக்க வைப்பது இந்தக் குடும்பத்து மருந்துதான்.

அது என்ன செய்கிறது? காய்ச்சல், வீக்கம், சிவப்பு, வலி எல்லாம் நம் வெள்ளையணுக்கள் வேலை செய்யும்போது எழும் சத்தம். ஸ்டீராய்டு செல்லுக்குள் புகுந்து அந்தச் சத்தத்தை எழுப்பும் மரபணுக்களை அடக்கிவிடுகிறது. வெள்ளையணுக்கள் ரத்தக்குழாயை விட்டிறங்கி, கிருமி இருக்கும் இடத்துக்குப் போவது குறைந்துபோகிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த நேரம் ரத்தம் எடுத்துப் பார்த்தால் வெள்ளையணு கூடுதலாகவே காட்டும். வேலைக்குப் போகாமல் டீக்கடையில் நிற்பவர்களை எண்ணுகிற கதை. வலி போய்விட்டது, காய்ச்சல் இல்லை, ஆள் தெம்பாக இருக்கிறார். உள்ளே காசநோய்க் கிருமி இருந்தால் அதுவும் தெம்பாகத்தான் இருக்கும்.

கொரோனா காலம் நினைவிருக்கும். 2020 ஜூனில் பிரிட்டனில் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களிடம் டெக்ஸாமெத்தசோன் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. அடுத்த வருடம் இரண்டாம் அலையில் நம்மவர்கள் பலர் முதல் நாள் காய்ச்சலுக்கே அதைப் போட்டார்கள். சர்க்கரை நோயும் ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில் கருப்புப் பூஞ்சை வந்து கண்ணைக் கொண்டுபோனதையும் பார்த்தோம்.

படர்தாமரைக்குக் கடையில் வாங்கும், ஸ்டீராய்டு கலந்த களிம்பும் இதே கதைதான். தடவினால் இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பு மறையும். பூஞ்சை மட்டும் காவலில்லாத தோலில் நிம்மதியாகப் பரவும். முகம் வெளுக்க இதே களிம்பைத் தடவும் கல்லூரிப் பிள்ளைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்றைய நேரம் போதாது.

வெள்ளையணுவை முடக்குவது ஸ்டீராய்டு மட்டும்தானா? முடக்குவாதத்துக்கு மருத்துவர்கள் எழுதும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் போடவேண்டிய மாத்திரை. திங்கள் என்றால் திங்கள்தான். தவறுதலாகத் தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜையில் வெள்ளையணு உற்பத்தியே படுத்துவிடும், உயிருக்கே ஆபத்து. தைராய்டு அதிகமாகச் சுரப்பதற்குக் கார்பிமசோல் மாத்திரை போடுகிறவர்களுக்குத் திடீரெனத் தொண்டைவலியும் காய்ச்சலும் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ரத்தம் பார்க்கவேண்டும். சிலருக்கு அந்த மருந்து வெள்ளையணுவை அடியோடு குறைத்துவிடும்.

வெள்ளையணுவைக் கெடுப்பது மருந்தாக இல்லாமல் தூசியாகவும் உள்ளே போகிறது. கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் அறுக்கும் பட்டறைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். கல்லில் இருக்கும் சிலிகாத் துகள் நுரையீரலின் அடிவரை போகும். அங்கே காவல் இருக்கும் விழுங்கணுக்கள் என்ற வெள்ளையணுக்கள் அதைக் கிருமி என்று விழுங்கும். செரிக்க முடியாமல் செத்துப்போகும். துகள் அப்படியே கிடக்கும், அடுத்த அணு வந்து விழுங்கும். காசநோய்க் கிருமியை மடக்கிவைப்பதும் இதே அணுக்கள்தான். அதனால்தான் இந்தத் தூசியால் நுரையீரல் கெட்டுப்போகும் சிலிகோசிஸ் நோய் உள்ளவர்களுக்குக் காசநோய் அதிகம் வருகிறது. தண்ணீர் ஊற்றி அறுத்தால் தூசி குறையும். வாயில் கட்டும் துண்டு இந்தத் துகளுக்குப் போதாது. இவர்கள் இருமலுக்கும் இளைப்புக்கும் அதே செட் மாத்திரையை வாங்கிப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எதிர்ப்புச் சக்தியை ஏற்றும் பொடி என்று விற்கிறார்களே, அதைப் பற்றியும் கேட்பீர்கள். முடக்குவாதம் என்பதே எதிர்ப்புச் சக்தி தடம் மாறி நம் மூட்டையே தாக்குவதுதான். அதை ஏற்றி என்ன செய்வது?

அந்த அம்மாவிடம் மாத்திரையை இன்றே நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. அது முக்கியம். மாதக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்தால் அட்ரீனல் சுரப்பி தூங்கிப்போகும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து, வாந்தி, மயக்கம் என்று ஆளையே சாய்த்துவிடும். மருத்துவரிடம் அழைத்துப்போனேன். சர்க்கரை ஏறியிருந்தது. காசநோய் இருக்கிறதா என்று சளிப் பரிசோதனை செய்தார்கள், நல்லவேளை, ஒன்றுமில்லை. அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து முழுதாக நிறுத்த ஐந்து மாதம் ஆயிற்று.

ஒவ்வொரு முறை வரும்போதும் முடிச்சிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டுவார். இடப்பக்கம் சிவப்புக் கோடு போட்ட, பெயர் தெரிகிற அட்டை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து என்பதற்கு அந்தக் கோடுதான் அடையாளம். முகம் பழையபடி ஆகிவிட்டது. முட்டி வலி மட்டும் இருக்கிறது. "அந்தக் குட்டி மாத்திர இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார்.

நன்றி, வணக்கம்.