சுவிட்சைத் தட்டும் முன்

(இன்டர்ன்ஷிப் முடிக்கவிருக்கும் பிசியோதெரபி மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தம்பிகளே, தங்கைகளே,

தொழில் அறத்தைத் தேர்வுக்குப் படித்திருப்பீர்கள். நோயாளியின் விருப்புரிமை, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்று நான்கையும் எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். மாலை ஆறு மணிக்கு வெளியே எட்டுப் பேர் காத்திருக்கும்போது அந்த அறத்தை எங்கே தேடுவது? மேசை மேல் இருக்கும் இரண்டு டெஸ்ட் டியூபில் தேடுங்கள் என்பேன்.

ஹாட் பேக் (வெந்நீரில் சூடாக்கிய பை), ஷார்ட் வேவ் (மின்காந்த அலையால் உள்ளே சூடு தரும் மெஷின்), வாக்ஸ் பாத் (உருக்கிய மெழுகு) என்று சூடு கொடுக்கும் எதுவானாலும், அந்த இடத்துத் தோலுக்குச் சூடு தெரிகிறதா என்று முதலில் பார்த்தாக வேண்டும். ஒரு டியூபில் 40 முதல் 45 டிகிரி செல்சியஸ் வெந்நீர், இன்னொன்றில் 5 முதல் 10 டிகிரி குளிர்நீர். வெளிப்புறத்தை நன்றாகத் துடையுங்கள். இல்லாவிட்டால் நோயாளி ஈரத்தை வைத்தே எது எது என்று சொல்லிவிடுவார். நன்றாக உணர்வுள்ள இடத்தில் வைத்து, "இது சூடு, இது ஜில்லுனு இருக்கும்" என்று முதலில் பழக்குங்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லி, சிகிச்சை தரப்போகும் இடம் முழுக்க இரண்டிரண்டு விநாடி தொட்டுப் பாருங்கள். சூடு, குளிர், சூடு, குளிர் என்று வரிசையாகப் போகாதீர்கள். மூன்றாவது தடவையே ஊகித்துவிடுவார். மொத்தம் மூன்று நிமிட வேலை. கூட்டம் சேர்ந்தால் நம்மவர்கள் முதலில் விடுவது இதைத்தான்.

விட்டால் என்ன ஆகும்? பல வருடச் சர்க்கரை நோயாளிக்குப் பாதத்தில் சூடு தெரியாமல் போயிருக்கலாம். ஹாட் பேக் கிடக்கும் தொட்டியில் தண்ணீர் 70 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கிறது. ஆறு முதல் எட்டு மடிப்புத் துண்டு சுற்ற வேண்டும். துவைத்துத் துவைத்துத் தேய்ந்த துண்டாக இருந்தால் அதே எட்டு மடிப்பு போதாது. நோயாளியைப் பேக்கின் மேலேயே படுக்க வைத்தால் உடம்பு எடை துண்டை நசுக்கி, மடிப்புகளுக்கு நடுவே இருந்த காற்றை வெளியேற்றிவிடும். சூடு நேராகத் தோலில் இறங்கும். அவர் சத்தம் போட மாட்டார், அவருக்குத்தான் தெரியவில்லையே. மறுநாள் கொப்புளம். சர்க்கரை நோயாளியின் காலில் ஒரு கொப்புளம் எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உணர்வு நன்றாக இருப்பவரிடமும் ஒரு சிக்கல் உண்டு. "சுருக்குனு சுட்டாத்தான் வலி போகும்" என்று நம் ஊரில் பலர் நம்புகிறார்கள். தாங்க முடிகிற வரை தாங்குங்கள் என்று நாமும் சொன்னால் அவர் சொன்னபடி தாங்கிக்கொண்டு படுத்திருப்பார். "இதமா, வெதுவெதுப்பா மட்டும்தான் இருக்கணும், அதுக்கு மேல போனா உடனே கூப்பிடுங்க" என்று சொல்லுங்கள். கையில் மணியைக் கொடுங்கள். ஐந்தாவது நிமிடம் துண்டை விலக்கித் தோலைப் பாருங்கள். ஹெல்ப்பரிடம் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடாதீர்கள். காயம் பட்டால் பொறுப்பு உங்களுடையது. ஷார்ட் வேவ் போடும்போது நோயாளிக்கு மட்டுமில்லாமல், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்தது சம்மதம். படிவத்தில் கையெழுத்து வாங்குவதோடு அது முடிவதில்லை. முதுகுவலியோடு ஓர் அம்மா வருகிறார், கூடவே மகன். "பாருங்க சார்" என்று மகன் சொல்கிறார். மகனின் வார்த்தை அந்த அம்மாவின் சம்மதம் ஆகாது. அவர் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்: "அம்மா, இடுப்புக்குக் கீழ இந்த எலும்பு மேல கட்டைவிரலால அழுத்திப் பார்க்கணும். சேலையைக் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருக்கும். வலிச்சா சொல்லுங்க, நிறுத்திடறேன். பார்க்கலாமா?" பார்க்க வேண்டிய இடம் தவிர மற்ற இடமெல்லாம் போர்வையால் மூடியிருக்கட்டும். பெண் உதவியாளர் ஒருவர் உடன் இருக்கட்டும். பரிசோதனைக்கு நடுவே அவர் உடம்பு விறைத்தால், கை தானாகச் சேலையை இழுத்தால், வாய் சொல்லாத "வேண்டாம்" அது. கையை எடுத்துவிடுங்கள்.

அதே அம்மாவிடம் கூச்சப்படாமல் இரண்டு கேள்வி கேட்டாக வேண்டும். ஒண்ணுக்குப் போவதில் சிரமம் இருக்கிறதா? உட்காரும் இடம் மரத்துப்போன மாதிரி இருக்கிறதா? அவராகச் சொல்ல மாட்டார். ஆம் என்றால் டிராக்‌ஷன் (முதுகை இழுத்துவிடுவது) கிடையாது, ஐ.எஃப்.டி. (வலிக்கு மின்னோட்டம் கொடுப்பது) கிடையாது, தண்டுவடத்தின் அடி நரம்புக் கொத்து நெருக்கப்பட்டிருக்கலாம், அன்றைக்கே அறுவை மருத்துவரிடம் போக வேண்டும். அறுவைக்குப் பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கியிருந்தாலும் இதே எச்சரிக்கை வேண்டும். முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்க எலும்பில் தட்டுப்படும் மேட்டிலிருந்து 10 செ.மீ. இறங்கி இரண்டு காலையும் டேப்பால் சுற்றி அளந்து பாருங்கள். 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரத்தக்கட்டி என்று சந்தேகித்து அனுப்புங்கள். வித்தியாசம் குறைவு என்பதால் மட்டும் சந்தேகத்தைக் கைவிடாதீர்கள். நீவிவிட மட்டும் கூடாது.

இனி எழுதி வைப்பது பற்றி. முழங்கால் மூட்டு மாற்றிய நோயாளிகளின் ஃபைலைப் புரட்டினால் எல்லோருக்கும் முழங்கால் மடங்குவது 90 டிகிரி! மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டர் அலமாரியில் கிடக்கும், அளவு கண்ணில் இருக்கும். கருவியின் அச்சு, தொடை எலும்பின் வெளிப்பக்கக் கீழ் முண்டில்; அதன் அசையாத கை, இடுப்பின் வெளிப்பக்கப் பெரிய முனையை நோக்கி; அசையும் கை, வெளிக்கணுவை நோக்கி. இப்படி வைத்து அளந்தால்தான் அது அளவு. அப்படி அளந்தாலும் ஐந்து டிகிரிக்குள் வரும் வித்தியாசத்தை முன்னேற்றம் என்று எழுதாதீர்கள், அது அளப்பவர் கை மாறுவதாலேயே வரும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் அறுவை மருத்துவர் மயக்கம் கொடுத்து மூட்டை மடக்கலாமா என்று முடிவெடுக்கிறார். பொய் எண் கொடுத்தால் அந்த முடிவையும் நாம்தான் கெடுக்கிறோம்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இறங்க முடியாது. அனுப்பியவருக்குக் கமிஷன் என்பது நம் தொழிலைச் செல்லாய் அரிக்கிறது. 2002-ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை விதிகள் அதைக் கொடுக்கவும் வாங்கவும் மருத்துவர்களுக்குத் தடை விதித்திருக்கின்றன. 500 ரூபாய் கட்டணத்தில் 150 ரூபாய் வெளியே போகிறது என்று வையுங்கள். அந்த 150-ஐ ஈடுகட்ட ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மெஷினை மாட்டிவிடுவோம், பத்து சிட்டிங் பதினைந்தாகும். முன்பணப் பேக்கேஜும் இதே குழிக்குத்தான் இழுக்கும்: பத்துக்குப் பணம் வாங்கியபின் ஆறில் சரியாகிவிட்டது என்று சொல்ல மனசு வராது.

இதற்கு வழி முதல் நாளிலேயே இருக்கிறது. என்ன மாறினால் முன்னேற்றம் என்று நோயாளியோடு பேசி எழுதிக்கொள்ளுங்கள்: "கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழ வேண்டும்", "வலி பத்துக்கு ஏழிலிருந்து ஐந்துக்கு வர வேண்டும்." பத்தில் இரண்டு புள்ளி குறைவதைத்தான் பொருளுள்ள மாற்றமாகக் கொள்கிறோம். ஐந்தாவது சிட்டிங்கில் மறுபடி அளங்கள். நகரவில்லை என்றால் திட்டத்தை மாற்றுங்கள், அல்லது அனுப்புங்கள். அதே மெஷினை அதே இடத்தில் ஆறாவது நாளும் வைக்காதீர்கள். தேவை முடிந்திருந்தால் மீதிப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

கடைசி நாளில் கையில் ஒரு தாள் கொடுங்கள். மூன்று பயிற்சிக்கு மேல் வேண்டாம், கூடினால் ஒன்றும் செய்ய மாட்டார்கள். எத்தனை தடவை, எத்தனை விநாடி பிடிக்க வேண்டும், எந்த வலி வந்தால் நிறுத்த வேண்டும் என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதுங்கள். உங்கள் முன்னால் ஒரு தடவை முழுதாகச் செய்துகாட்டச் சொல்லுங்கள். அப்போது "ஒண்ணு, ரெண்டு" என்று நீங்கள் எண்ண வேண்டாம். வீட்டில் எண்ணப்போவது அவர்தான். இங்கேயே அவர் எண்ணட்டும்.