எங்கள் பன்றி எப்படி இருந்தது என்று எங்களுக்கே தெரியவில்லை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். குடும்பப் பண்ணை நிலைக்க வழி மொத்த வியாபாரமா, நேரடி விற்பனையா என்பது தலைப்பு. நான் நேரடி விற்பனையின் பக்கம். பன்றி வளர்க்கும் வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான்.

எதிரணித் தலைவர் சொன்னார்: "வளர்ப்பவர் வளர்க்கட்டும், விற்பவர் விற்கட்டும். வியாபாரி வந்தால் ஒரே நாளில் கொட்டகை காலி." உண்மைதான். அப்பா இருபது வருடம் அப்படித்தான் விற்றார். தாய்ப்பன்றி சினைப்பட்டு 114 நாளில் குட்டி போடும். அந்தக் குட்டி 100 கிலோவைத் தொட இன்னும் 5, 6 மாதம். இத்தனை மாத உழைப்புக்கும் விலை முடிவானது, வியாபாரி கொட்டகையில் நிற்கும் கால் மணி நேரத்தில். "அடுத்த வாரம் வருகிறேன்" என்று அவர் போய்விட்டால் பன்றி சாப்பிடாமல் காத்திருக்குமா? செலவில் பாதிக்கு மேல் தீவனம்தான். இரண்டு வாரம் கழித்து வந்து, "கொழுப்பு கூடிவிட்டதே" என்று அதே மனிதர் விலையைக் குறைப்பார்.

சந்தை விலையாவது காப்பாற்றுமா? விலை ஏறினால் எல்லோரும் தாய்ப்பன்றி சேர்ப்பார்கள். அத்தனை குட்டிகளும் வளர்ந்து ஒன்றாக வரும்போது விலை விழும். ஆர்தர் ஹனாவ் என்ற ஜெர்மானியப் பொருளாதார அறிஞர் 1920களிலேயே இந்தச் சுழலை ஆராய்ந்து எழுதிவிட்டார்.

அப்படி விலை விழுந்த ஒரு சமயம், வியாபாரி வரவே இல்லை. அம்மாதான் சொன்னார், "இரண்டை அனுமதி பெற்ற இறைச்சிக்கூடத்துக்குக் கொண்டுபோய், தெரிந்தவர்களுக்கு நாமே கொடுப்போம்." கொடுத்தோம். மறுநாளே ஒரு அம்மா பையோடு திரும்பி வந்தார். இறைச்சி வெளுத்துப்போய், பை நிறையத் தண்ணீர் விட்டிருந்தது. அப்பாவுக்கு முகமே இல்லை.

காரணத்தைத் தேடினோம். பன்றிக்கு வியர்த்து உடம்பைத் தணித்துக்கொள்ளத் தெரியாது. நாங்களோ உச்சி வெயிலில், குச்சியால் அடித்து, நெருக்கி ஏற்றியிருந்தோம். மிரண்ட பன்றியை உடனே வெட்டினால், உடல் சூடு இறங்கும் முன்பே தசையில் அமிலம் ஏறிவிடும். இறைச்சி வெளுக்கும், நீர் விடும். அப்புறம் விடியற்காலையில் ஏற்ற ஆரம்பித்தோம். குச்சியை விட்டோம், சரிவுப் பலகை செய்தோம், வெட்டும் முன் இளைப்பாற நேரம் கொடுத்தோம். இறைச்சி மாறியது. அந்த அம்மா மறுபடியும் வந்தார்.

நடுவர் அவர்களே, இதை நீங்கள் கவனிக்க வேண்டும். இருபது வருடமும் நாங்கள் அப்படித்தான் ஏற்றி அனுப்பினோம். ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை. சாப்பிட்டவருக்கு எங்களைத் தெரியாது, எங்களுக்கு அவரைத் தெரியாது. அந்த ஒரு பையில்தான் எங்கள் பன்றி எப்படி இருக்கிறது என்பதை முதன்முதலாகப் பார்த்தோம்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசியவர் கேட்டார்: "நல்ல துண்டுகள் போய்விடும், மிச்சத்தை என்ன செய்வீர்கள்?" சரியான கேள்வி. நாங்களும் அதில் அடிபட்டோம். 100 கிலோ பன்றியை வெட்டினால், இரத்தமும் குடலும் போக 70, 75 கிலோ கிடைக்கும். எல்லோரும் விலாவையும் இடுப்புத் துண்டையும் கேட்டார்கள். தலை, கால், எலும்பு, கொழுப்பு எல்லாம் ஃப்ரீசரை அடைத்தன. மூன்றாவது மாதம் அம்மா ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். முழுப் பன்றி, அரைப் பன்றி, கால் பன்றி என்று முன்பதிவு. ஒரு பன்றி முழுக்கப் பெயர் நிரம்பினால்தான் வெட்டு. பங்கு வாங்குபவருக்கு எல்லாப் பாகமும் சேர்ந்தே போகும். கொழுப்பை உருக்கித் தனியாக விற்றோம். தோள் இறைச்சியை அரைத்து சாசேஜ் போட அக்கா கற்றுக்கொண்டாள். இன்று அதற்குத்தான் முதலில் பதிவு முடிகிறது.

இன்னொருவர் நோய்ப் பயம் காட்டினார். வாங்க வருபவர்கள் கிருமியைக் கொண்டு வருவார்களாம். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு மருந்து கிடையாது, வந்தால் கொட்டகையே போய்விடும். அந்தப் பயம் எனக்கும் உண்டு. அதனால்தான் எங்கள் விற்பனை வெளி கேட்டோடு நிற்கிறது. எவ்வளவு வேண்டியவர் ஆசைப்பட்டாலும் கொட்டகைக்குள் விடமாட்டோம். ஆனால் அந்த வைரஸ் வண்டிச் சக்கரத்திலும் செருப்பிலும்கூட வரும். பண்ணை பண்ணையாக ஏறி இறங்கி, எங்கள் கொட்டகை வாசல்வரை வந்து நின்றது யாருடைய லாரி? வியாபாரியின் லாரிதானே!

வேலை கூடியது, மறுக்கவில்லை. வெட்டு நாளில் வீட்டில் யாரும் தூங்குவதில்லை. ஆனால் போன மாதம் பழைய வியாபாரி வந்து விலை சொன்னபோது, அப்பா அந்த நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த முறை கொடுக்க ஒன்றும் இல்லையே" என்றார். அப்பா அவரிடம் இல்லை என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நன்றி, வணக்கம்.